இரண்டாம் பிளாக்குக்குச் செவ்வாயும் வெள்ளியும்

நாப்பத்தி ஒண்ணு. என் சீட்டுல நாப்பத்தி ஒண்ணுன்னு எழுதிருக்கு, அந்த ஜன்னல்காரன் இப்பத்தான் பதினெட்டைக் கூப்பிட்டிருக்கான், மணி ஒம்பதரை. ஒரு தடவைக்கு ஆறு பேரு, ஆறு பேருக்கும் பத்து நிமிசம். பத்து நிமிசம்னு பேருதான், உள்ள போயி உக்காந்து, அந்தப் பக்கம் ஆளைக் கூட்டியாந்து, அவுக போனை எடுக்கதுக்குள்ள மூணு நிமிசம் போயிருமாம், பக்கத்துல இருக்க தெரசம்மா சொல்லுது. தெரசம்மாவுக்கு இந்த ஜெயிலு தலைகீழ்ப் பாடம், அது மகன் வருசத்துக்கு ரெண்டு தடவை உள்ள வந்துட்டுப் போறவன். பன்னண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிச்சா ஜன்னலைச் சாத்திருவாகளாம், அதுக்குள்ள போகாதவுக அடுத்த மனுவுக்குத்தான் வரணுமாம். மனுன்னா ஏதோ கலெக்டருக்குக் குடுக்குறதுன்னுதான் இத்தனை நாளும் நெனச்சிருந்தேன், இங்க வந்து பாத்தா உள்ள கெடக்கவுகளைப் பாக்குறதுக்குப் பேரே மனு. அடுத்த மனு எனக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வந்து நான் என்னத்தப் பண்ண? வக்கீல் தம்பி எபநேசர் நாளைக்குக் கோர்ட்டுல ஜாமீனுக்குப் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு. "அம்மா, உங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை, சரின்னு ஒரே ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்துருங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்"ங்காரு. ஒரு வார்த்தையாம்ல. அந்த மனுசன் எம்மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை பேசிப் பதினோரு வருசமாச்சுன்னு அந்தத் தம்பிகிட்ட எப்படிச் சொல்ல? சொன்னா சிரிப்பாரு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரே உலையில பொங்கித் தின்னுக்கிட்டு, பதினோரு வருசமாம்மான்னு கேப்பாரு. ஆமா தம்பி, பதினோரு வருசம்தான், சின்ன வீம்பா எங்களுக்கு.

இது மூணாவது தடவை வாரேன். மொதத் தடவை ஆதார் கார்டு ஜெராக்ஸ் கொண்டாந்தேன், அசல் வேணும்னுட்டான். ஏம்ப்பா, ஜெராக்ஸுல இருக்கது எம்மூஞ்சி இல்லையான்னேன். "ரூல்ஸும்மா"ன்னான். ரெண்டாந்தடவை அசலோட வந்தேன், திங்கக்கிழமை, மொதப் பிளாக்குக்குத் திங்களும் வியாழனும்னு அவனே சொன்ன கெழமை. வந்து வரிசையில நின்னு கால் கடுத்து ஜன்னல்கிட்டப் போனா, "சோலையப்பனா? அவரை ரெண்டாம் பிளாக்குக்கு மாத்தியாச்சே, ரெண்டாம் பிளாக்குக்குச் செவ்வாயும் வெள்ளியும்லா"ங்கான். மாத்துனவுக ஒரு போனு போட்டுச் சொல்லக் கூடாதா? "அதெல்லாம் சொல்ல மாட்டோம்மா, போர்டுல ஒட்டிருக்கோம்." போர்டு எங்க இருக்கு? ஜெயிலுக்கு உள்ள இருக்கு. நல்லாருக்குப்பா உங்க ஞாயம். நாளைக்கு வாரேன்னா, நாளைக்குச் சுதந்திர தினத்துக்கு ஒத்திகையாம், மனுவே கிடையாதாம், வெள்ளிக்கிழமை சுதந்திர தினமே, அன்னைக்கும் கிடையாதாம். சாண் ஏறுனா முழம் சறுக்குதுன்னு சும்மாவா சொன்னாக. ரெண்டு பஸ்ஸு மாறி, காலையில அஞ்சரை வண்டியைப் பிடிச்சு வந்தவ, அப்படியே திரும்பி ரெண்டு பஸ்ஸு மாறிப் போனேன். போற வழியெல்லாம் அந்த ஜன்னல்காரனைத் திட்டிக்கிட்டே போனேன். பெறகு பாதி வழியில அவனை விட்டுட்டு எம்புருசனைத் திட்ட ஆரம்பிச்சேன். அந்த மனுசனைத்தான் மொதல்ல திட்டிருக்கணும்.

இந்தத் தகரக் கூரைக்கு ஒரு காத்தாடி போட்டா என்ன? பினாயில் வாடை குமட்டுது. காலையில ஒண்ணும் திங்கலை, சுகர் மாத்திரை பைக்குள்ளயே கெடக்கு, திங்காம மாத்திரை போடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காக, திங்கப் போனா வரிசை போயிரும். பைன்னதும் நெனப்பு வருது, ரெண்டு பனியன், ரெண்டு பாக்கெட் பிஸ்கட், ஒரு துண்டு கொண்டாந்தேன். சோதனை பண்ணுறவன் பிஸ்கட்டைப் பிரிச்சு ஒவ்வொண்ணா முறிச்சுப் பாத்தான், எலி கொறிச்சாப்புல ஆக்கிட்டான், பனியனை வாங்கிக்கிட்டான், துண்டை மட்டும் திருப்பிக் குடுத்துட்டான். துண்டு கூடாதாம், கழுத்துல மாட்டிக்கிருவாகளாம். கழுத்து. அன்னைக்கு அந்த மனுசன் கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டுத்தான் போலீஸ் ஸ்டேசனுக்கு நடந்து போனாரு. ஆடி மாசக் காத்துல யாராவது கழுத்தைச் சுத்தித் துண்டு போடுவானா, அந்த எஸ்.ஐ. ஒரு தடவை அதை அவுருன்னு சொல்லிருந்தா கதையே வேற. பத்து விரலும் பதிஞ்சிருந்துச்சு, எனக்குத்தான தெரியும், நான்தான பாத்தேன்.

நெனைக்கக் கூடாதுன்னு பாத்தா அதுதான் முன்னால வந்து நிக்கிது. காலையில ஏழு மணி, கெணத்துல மோட்டார் ஓடுது, அன்னைக்குத் தண்ணி முறை எங்களுது. பங்காளிக் கெணறு, எங்களுக்கு மூணு நாளு, சங்கையாவுக்கு மூணு நாளு, அவுக தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். சங்கையா எம்புருசனுக்குப் பெரியப்பா மகன். அவன் எங்க முறையில வந்து வாய்க்காலை வெட்டித் தண்ணியைத் தன் மொளகாச் செடிக்குத் திருப்பிட்டான். இவரு போயி மண்ணை அள்ளி அடைச்சாரு. அவன் மறுபடி வெட்டுனான். நான் உளுந்துக்குள்ள களை எடுத்துக்கிட்டு இருந்தேன், சத்தம் கேட்டுச்சு, ஆம்பளைக சத்தம்தானன்னு விட்டுட்டேன். பெறகு சத்தம் நின்னு போச்சு. அதுதான் எனக்குத் திடுக்குன்னுச்சு. ஓடிப் போயி பாத்தா இவரு வாய்க்காத் தண்ணிக்குள்ள மல்லாக்கக் கெடக்காரு, அந்தத் தடிமாடு நெஞ்சுல ஏறி உக்காந்து ரெண்டு கையாலயும் கழுத்தை நெரிக்கான். இவரு கண்ணு வெளிய வந்துருச்சு. வரப்புல மம்பட்டி கெடந்துச்சு. நான் திருப்பிப் பிடிச்சுக் கணைக் கட்டையாலதான் அடிச்சேன், வெட்டுற இலைப்பக்கம் இல்ல, அந்த அறிவு எனக்கு இருந்துச்சு. பின்னால நின்னு பொறந்தலையில ஒரே அடி. தேங்கா விழுந்தாப்புல சத்தம். அவன் யாரு அடிச்சான்னு திரும்பிக்கூடப் பாக்கலை, அப்படியே சரிஞ்சான். இவரு இருமி இருமி எந்திரிச்சாரு. என்னைப் பாத்தாரு. எங்கையில இருந்த மம்பட்டியை வாங்குனாரு, வாய்க்காத் தண்ணியில கழுவுனாரு, துண்டை எடுத்துக் கழுத்தைச் சுத்திக்கிட்டு ரோட்டைப் பாத்து நடந்தாரு. நான் அடிக்கச் சொன்னனான்னு கேக்கலை. நல்ல நேரத்துக்கு வந்தன்னு சொல்லலை. நான் 108-க்குப் போனு போட்டு, இன்னமும் ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடக்க சங்கையாவை ஏத்த வண்டி வர்றதுக்குள்ள, மனுசன் ஸ்டேசன்ல உக்காந்து, தண்ணித் தகராறுல நாந்தான் அடிச்சேன்னு எழுதிக் குடுத்தாச்சு. ஒத்தை வார்த்தை எங்கிட்ட கேக்காம.

கேக்காம. அந்த வார்த்தைதான் எம்மண்டைக்குள்ள இருவத்திமூணு நாளா ஆணியடிச்சு நிக்கிது. பதினோரு வருசத்துக்கு முந்தியும் இதேதான். எம்மக சுபலட்சுமிக்கு மாப்பிள்ளை பாத்தாரு, நாக்பூர்ல முறுக்குக் கம்பெனி வச்சிருக்க மாப்பிள்ளை, நல்ல எடம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒத்தைப் பொட்டப்பிள்ளை, அம்புட்டுத் தூரத்துக்கு எப்படி விடன்னு நான் ஒரு வார்த்தை சொல்லுறதுக்கு இடம் குடுத்தாரா? மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வந்து உக்காந்துருக்காக, தட்டு மாத்தப் போறாக, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் மரியாதை தெரிஞ்ச மனுசன், "தங்கச்சியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க"ன்னாரு. எம்புருசன் சபையில சிரிச்சுக்கிட்டே, "இவகிட்ட என்ன கேக்குறது"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாக. நானும் காப்பித் தட்டைக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சேன், அதை நெனச்சாத்தான் இப்பவும் எனக்கு வயிறு எரியுது. அவுக போனதும் அடுப்படியில வச்சுச் சொன்னேன், "நல்லது, இனிமே சாகுற வரைக்கும் எங்கிட்ட எதையும் கேட்டுராதீக"ன்னு. கோவத்துல சொன்னதுதான். நாலு நாளு கழிச்சு வந்து, ஏன் வேலு கோவமான்னு கேட்டா அஞ்சாம் நாள் பேசிருப்பேன். மனுசன் கேக்கலை. சொன்ன சொல்லை அப்படியே பிடிச்சுக்கிட்டாரு. அவருக்கு எத்தனையோ நல்லது சொல்லிருக்கேன், பீடியை விடுங்கன்னு சொல்லிருக்கேன், அதெல்லாம் காதுல ஏறலை, இது ஒண்ணு மட்டும் ஏறிருச்சு.

அதுக்காகப் பேச்சே இல்லாம குடும்பம் நடக்குமா? நடந்துச்சு. நான் அடுப்பைப் பாத்துச் சொல்லுவேன், "சோறு ஆறுது, திங்கிறவுக திங்கலாம்." அவரு எருமையைப் பாத்துச் சொல்லுவாரு, "நாளைக்குச் சந்தைக்குப் போறவுக உரச்சாக்கு ஒண்ணு வாங்கியாந்தா நல்லது." நான் கோழியைத் தொரத்திக்கிட்டே, "பணம் குடுத்தா வாங்கலாம்." காலையில பாத்தா மாடக்குழியில ரூவா இருக்கும். எனக்குச் சுகர் வந்தப்பக்கூட, ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்டத்தான், "இவுக எந்த நேரத்துக்கு மாத்திரை போடணும்னு சொல்லுங்க"ன்னு கேட்டாரு, நான் பக்கத்துலதான் நிக்கேன். அந்தப் பிள்ளை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துச்சு. அன்னையில இருந்து ராத்திரி எட்டு மணியானா திண்டாட்டம்தான், எருமைகிட்ட வந்து நின்னுக்கிட்டு, "மாத்திரை போடுறவுக போட்டாகளா தெரியலையே"ம்பாரு. எருமை என்ன பதில் சொல்லும்? நான் தம்ளரை டங்குன்னு வைப்பேன். போட்டாச்சுன்னு அர்த்தம்.

முப்பதைக் கூப்பிட்டுட்டான். மணி பத்தேமுக்கால். தெரசம்மா முப்பத்தொம்பது, அதுவும் எங்கூடத்தான் வரும். அது பாட்டுக்கு ஜெயிலுக்கு வழி சொல்லிக்கிட்டே இருக்கு, புதுசா வர்றவுகளைப் பத்து நாளு மொதப் பிளாக்குல தனியாப் போட்டு, சீக்கு கீக்கு இருக்கான்னு பாத்துட்டுத்தான் ரெண்டாம் பிளாக்குக்கு அனுப்புவாகளாம். ரெண்டாம் பிளாக்குல இருவத்தஞ்சு பேரு படுக்க இடத்துல நாப்பத்தெட்டுப் பேராம், ஒருக்களிச்சுப் படுத்தவன் அப்படியே விடியிற வரைக்குமாம், திரும்புனா எல்லாரும் சேர்ந்து திரும்பணுமாம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கதவைப் பூட்டிருவாகளாம், ராத்திரிச் சோத்தை அஞ்சு மணிக்கே குடுத்துருவாகளாம். "பொம்பளைகளை எங்க வைப்பாக?"ன்னு கேட்டேன், சும்மா கேக்குறாப்புல. "பொம்பளைகளுக்கு இங்க இடம் இல்ல தாயி, அடுத்த ஜில்லாவுக்குக் கொண்டுபோயிருவாக, போறதுக்கே அரைநாளு"ன்னுச்சு.  அரைநாளு போற இடத்துக்கு என்னைப் பாக்க யாரு வருவா? எம்மக நாக்பூர்ல கிடக்கா. அவ வாரேன்னாலும் ரயிலேறி வர ஒண்ணரை நாளு. எருமையை யாரு பாப்பா? பயமா இருக்கா வேலுத்தாயின்னு என்னையே கேட்டுக்கிட்டேன். பயமாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதைவிட ஆத்திரமா இருக்கு. நான் செஞ்சதுக்கு இன்னொருத்தரு ஒருக்களிச்சுப் படுக்கணுமா? அடிச்சது என் கை. அவரு உசுரைப் பிடிச்சு நிறுத்துனது என் கை. அதையும் எங்கிட்ட கேக்காம எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

வக்கீல் தம்பிதான் கண்டுபிடிச்சாரு. உள்ள வந்த அன்னைக்கு ஜெயில் டாக்டர் தலையில இருந்து கால் வரைக்கும் பாத்து எழுதணுமாம், அதுல, கழுத்துல கன்னிப்போன விரல்தடம்னு எழுதிருக்கு. "நெஞ்சுல ஏறிக் கழுத்தை நெரிக்கிறவனைக் கீழ கெடக்க மனுசன் பொறந்தலையில எப்படிம்மா அடிக்க முடியும்?"னு எங்கிட்டக் கேட்டாரு. நான் சொல்லிட்டேன். அவரு தலையில கைவச்சுக்கிட்டு உக்காந்தாரு. "உசுரைக் காப்பாத்த அடிச்சதுக்குச் சட்டத்துல இடம் இருக்கும்மா, உங்களையும் ரொம்ப நாளு வைக்க மாட்டாக, ஆனா நீங்க ஒண்ணு சொல்லி, அவரு இல்ல நாந்தான்னு நின்னாருன்னா, ரெண்டு பேரும் கூட்டாச் சேர்ந்து அடிச்சதா எழுதிருவாக"ன்னாரு. அவரே உள்ள போயி கேட்டாராம். இந்த மனுசன், "நாந்தான் அடிச்சேன், வேற பேச்சு இல்ல"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாராம். அதான் என்னைப் போகச் சொல்லுதாரு. "அந்தப் போன்ல கேஸைப் பத்தி வெளிப்படையா வாயைத் திறந்துராதீங்க, பின்னாலயே நின்னு கேப்பாக"ன்னு வேற. கேஸைப் பத்திப் பேசக் கூடாது, ஆனா கேஸுக்கு ஒரு வார்த்தை வாங்கணும், பேசாத புருசன்கிட்ட, பத்து நிமிசத்துல. கட்டிக்கிட்டு அழுகவா இதை? காலையில பஸ்ஸுல வரும்போது எப்படிப் பேசன்னு ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். என்னங்கன்னு ஆரம்பிக்கவா? அந்த வார்த்தை வாயில வந்து எத்தனை காலமாச்சு. நாக்கு கூசுது. பக்கத்து சீட்டுக்காரி என்னக்கா சொன்னீகன்னா. ஒண்ணுமில்ல தாயின்னேன்.

"முப்பத்தேழுல இருந்து நாப்பத்திரெண்டு!" பதினொண்ணு நாப்பது. சாமி, கடைசிக் கூட்டம் நாங்கதான் போல. தெரசம்மா ஓடுது, நானும் ஓடுனேன். நீளமா ஒரு அறை, நடுவுல கண்ணாடி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆறு போனு, அந்தப் பக்கம் ஆறு. தெரசம்மா போனு கொர்ருங்குது, அது தொண்டை கிழியக் கத்துது, "ஏலே, கேக்குதா? கேக்குதாலே? கோழிக்கொழம்பு குடுத்தானா?" எல்லாரும் கத்துறாக. எனக்கு நாலாம் நம்பர். அவரு வந்தாரு. தாடி வெள்ளையா மொளைச்சிருக்கு, சட்டை தோள்ல இருந்து தொங்குது, இம்புட்டு மெலிஞ்சா போவான் மனுசன். உக்காந்தாரு. போனை எடுத்தாரு. நானும் எடுத்தேன். எங்க போனு மட்டும் சுத்தமா இருக்கு, அவரு மூச்சு விடுறதுகூடக் கேக்குது. ஊரே கத்துது, பேசத் தெரியாத ரெண்டு பேருக்கு நல்ல போனு. அவரு எம்மூஞ்சியைப் பாக்கலை, கண்ணாடிக்குக் கீழ இருக்க பலகையைப் பாத்தாரு. நான் சுவத்தைப் பாத்தேன். சுவத்துல உரக்கப் பேசாதீர்கள்னு எழுதிருக்கு. பேசு வேலுத்தாயி, பேசு, நிமிசம் போகுது. வாயைத் திறக்கேன், வரலை. சனியன் பிடிச்ச பழக்கம், நான் திரும்பிப் பின்னால நிக்க பொம்பளை வார்டர்கிட்டச் சொல்லுதேன், "ஏம்மா, வக்கீலு ஒரு விசயம் கேக்காருன்னு அவுககிட்டச் சொல்லுங்க." அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. "போனைக் கையில வச்சுக்கிட்டு எங்கிட்ட என்னத்துக்குச் சொல்ற? அதுல பேசு." அதே நேரம் போன்ல அவரு சத்தம் கேக்குது, எங்கிட்ட இல்ல, அவரு பக்கத்து வார்டர்கிட்ட. "சார், வந்தவுக சாப்பிட்டாகளான்னு கேளுங்க, மாத்திரை போடணும் அவுக." அந்த ஆளு, "யோவ், என்னையத் தூது விடுறியா? பொண்டாட்டிதான, நீயே கேளுய்யா"ன்னு அந்தப் பக்கம் போயிட்டான். எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு, ரெண்டையும் முந்திக்கிட்டுக் கோவம் வந்துச்சு.

"வந்தவுக திங்க வரலை"ன்னேன், சுவத்தைப் பாத்துக்கிட்டு.  "வெறும் வயித்துல கெறக்கம் வரும்"ன்னாரு, பலகையைப் பாத்துக்கிட்டு. ஆக, எருமைகிட்டப் பேசுறாப்புலதான். சரி, அப்படியே போகட்டும், எங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். பேச ஆரம்பிச்சதும்தான் எனக்குத் தோணுச்சு, இந்தப் பேச்சைப் பின்னால நிக்கவ கேட்டா அவளுக்கு என்ன வெளங்கும்? யாரு யாரைச் சொல்லுதாகன்னே தெரியாதே. "நாளைக்குக் கோர்ட்டுல மனுப் போடுறாகளாம். நடந்ததை நடந்தபடி சொல்லணுமாம்"ன்னேன். "அதான் சொல்லியாச்சே"ன்னாரு. "சொன்னது நடந்தது இல்ல. கழுத்துத் தடத்தை உள்ள வந்த அன்னைக்கே எழுதிட்டாகளாம். கையை ஓங்குனவுக தானே வந்து ஒத்துக்கிடுறாகளாம். குறுக்க நிக்காம இருந்தாப் போதுமாம்." அவரு பலகையைச் சொறண்டுனாரு. பொம்பளை வார்டர் கொட்டாவி விட்டுச்சு. "வேண்டாம்"ன்னாரு. "ஓங்குனவுகளுக்கு இங்க இடம் கிடையாது. அடுத்த ஜில்லாவுக்குக் கொண்டுபோயிருவான். சாயங்காலம் அஞ்சு மணிக்கே சோத்தைக் குடுத்துட்டுப் பூட்டிருவான். எட்டு மணி மாத்திரைக்கு என்ன செய்வாக? ராத்திரி கெறக்கம் வந்தா யாரு கதவைத் தட்டுவா? அந்த ஜில்லாவுல இருந்து வந்தவுக யாரும் இருக்காகளா, அங்க ராத்திரி மாத்திரை குடுப்பாகளான்னு பிளாக்குல அத்தனை பேருகிட்டயும் கேட்டுட்டேன், சமையக்காரன்கிட்டக் கேட்டேன், டாக்டர்கிட்டக் கேட்டேன். ஒருத்தனுக்கும் தெரியலை."

கேட்டாராம்ல. நாப்பத்தெட்டுப் பேருகிட்டக் கேட்டிருக்காரு. சமையக்காரனைக் கேட்டிருக்காரு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. "ஊரெல்லாம் கேக்கத் தெரியுதுல்ல?"ன்னு கத்திட்டேன், தெரசம்மா போனை விட்டுட்டுத் திரும்பிப் பாக்குது. "ஊரெல்லாம் கேட்டாகளே, கேக்க வேண்டியவுகளை ஒரு வார்த்தை கேட்டாகளா? மகளைக் குடுத்தப்பவும் கேக்கலை. இப்பவும் கேக்கலை. எல்லாத்தையும் தானே முடிவு பண்ணித் தானே சொமந்துக்கிட்டுப் போனா, அப்ப இங்க இருக்கவுக என்ன மனுசியா, மம்பட்டியா?" மூச்சு வாங்குது எனக்கு. கண்ணாடியெல்லாம் மங்கலாத் தெரியுது, என் கண்ணுதான். "ரெண்டு நிமிசம், ரெண்டு நிமிசம், முடிச்சுக்கோங்க"ன்னு வார்டர் சத்தம் போடுது. எல்லாரும் ஒண்ணாக் கத்துறாக. அவரு இன்னும் பலகையைத்தான் சொறண்டுறாரு. போச்சு, வெள்ளிக்கிழமைதான், வெள்ளிக்கிழமையும் இந்த மனுசன் இப்படித்தான் பலகையைப் பாப்பாருன்னு நெனச்சேன். அப்பத்தான் கேட்டுச்சு.

"என்ன சொல்லட்டும்?"

வார்டரைக் கேக்காருன்னு நெனச்சேன். அவரு பின்னால பாத்தேன், அந்த ஆளு வாசல்கிட்ட நிக்கான், அங்க யாரும் இல்ல. அவரு பலகையைப் பாக்கலை. என்னைப் பாக்காரு. கண்ணு ரெண்டும் செவந்து, நேரா எம்மூஞ்சியைப் பாக்காரு. "உன்னையத்தான் கேக்குறேன் வேலு. நான் என்ன சொல்லட்டும்? நீ சொல்லு." பதினோரு வருசமாச் சேத்து வச்ச பேச்சு ஒரு மலை இருக்கு, அதுல ஒண்ணுகூட வாயில வரலை.  நானு, நானுன்னு இழுக்கேன், டப்புன்னு போனு செத்துப் போச்சு. நேரம் முடிஞ்சதும் அதுவா நின்னுருமாம். அலோ, அலோங்கேன். "எந்திரி, எந்திரி, முடிஞ்சுது"ன்னு அந்தம்மா தோளைத் தொடுது. "ஒரு நிமிசம்மா, அவுக ஒண்ணு கேட்டுட்டாக, பதில் சொல்லணும்." "வெள்ளிக்கிழமை வந்து சொல்லு." "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்காதும்மா, அவுக கேட்டிருக்காக!" அந்தப் பக்கம் எல்லாரையும் எழுப்புறாக. அவரு மட்டும் செத்த போனைக் காதுல வச்சுக்கிட்டு உக்காந்துருக்காரு, நான் என்ன சொல்லப் போறேன்னு.

நான் எந்திரிச்சேன். ரெண்டு கையையும் சேத்து மம்பட்டிக் கணையைப் பிடிச்சாப்புலப் பிடிச்சேன், தலைக்கு மேல ஓங்கி, கண்ணாடிக்கு முன்னால ஓங்கி இறக்குனேன். பெறகு எந்நெஞ்சுல தட்டுனேன். நான். ஒரு தட்டு, ரெண்டு தட்டு, மூணு. நான்.  "ஆத்தாடி, புருசனை ஜெயிலுக்கு வந்து அடிக்கப் பாக்கா!"ன்னு பொம்பளை வார்டர் எங்கையைப் பிடிச்சு இழுக்குது. தெரசம்மா சிரிக்குது, அந்தப் பக்கத்து வார்டரும் சிரிக்கான், "யோவ், நீ உள்ள இருக்கதுதான்யா உனக்கு நல்லது"ன்னு அவரு தோள்ல தட்டுறான், சத்தம் கேக்கலை, ஆனா அப்படித்தான் சொல்லிருப்பான். எம்புருசனும் சிரிச்சாரு. முன்பல்லு ஒண்ணு விழுந்துருக்கு, அது எப்ப விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, இந்தப் பதினோரு வருசத்துல அவரு சிரிச்சு நான் பாத்திருந்தாத்தான. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடச்சாரு. தொடச்சுக்கிட்டுத் தலையாட்டுனாரு. சரின்னு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை, நான் தட்டுன கணக்குக்குச் சரியா. கூட்டிக்கிட்டுப் போயிட்டாக.

வெளிய வாரேன், சாப்பாட்டு மணி அடிக்குது. வெயிலு சுள்ளுன்னு உறைக்குது. எதிர்த்த டீக்கடையில எபநேசர் தம்பி கறுப்புக் கோட்டைக் கையில மடிச்சுப் போட்டுக்கிட்டு நிக்காரு, என்னைப் பாத்ததும் ஓடி வாராரு. "என்னம்மா ஆச்சு, வார்த்தை வாங்கிட்டீங்களா? என்ன சொன்னாரு?"

"அவுக ஒண்ணும் சொல்லலை தம்பி. கேட்டாக. நான் சொல்லிட்டேன். எழுதுங்க, அடிச்சது நான்."

அவரு பேனாவை எடுத்தாரு. இருங்க தம்பின்னேன். "அதுக்கு முந்தி நாலு இட்லி சொல்லுங்க. மாத்திரை போட்டனான்னு கேட்டாக."